கை பட்டால் கணக்கில்லை

வெள்ளவத்தையில் எங்கள் ஜிம்முக்கு நரைத்த மீசையோடு ஒல்லியாக ஒருவர் வருவார். பெஞ்சில் படுத்து எடைக்கம்பியைத் தூக்குமுன், தலைமாட்டில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "கை வைக்காதேங்கோ" என்பார். கம்பி விழாமல் பிடிக்க நிற்பவரின் விரல் பட்டாலே அந்தத் தூக்கு கணக்கில்லை என்பது எங்கள் வழக்கம்.

ஐம்பத்திரண்டு வயதில், ஒரு காலை, முதன்முறையாக நூறு கிலோவுக்குப் படுத்தேன். கம்பி பாதியில் நின்றுவிட்டது. பிறகு அது மிதப்பதுபோல் மேலே போனது. எழுந்து பார்த்தால் அவர் மட்டும்தான், தூரத்துச் சுவரோரம் துவாயால் முகம் துடைத்தபடி.

"நூறு, அண்ணை! பாத்தீங்களோ?"

"பாத்தனான் தம்பி. ஆனா கணக்கில்லை," என்றார் வருத்தமாக. "நீங்கள் அவரிட்டச் சொல்ல மறந்திட்டீங்கள்."

இப்போது நானும் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன். நூறு இன்னும் ஏறவில்லை.