ரத்தம் தரும் ஆடும் பட்டயப் படிப்பும்

இனி ஜென்மத்துக்கும் ஆட்டின் பின்னால் நடக்க மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டுத்தான் ஓதேலு படிக்கப் போனான். கோதாவரிக்கு இந்தப் பக்கம், ஆடு மேய்க்கிற குருமர் வீட்டுப் பிள்ளை. எண்பது ஆடுகளுக்கும் ஒரு தகப்பனுக்கும் நடுவில் வளர்ந்தவன். பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு கறுப்புக் கம்பளியைத் தோளில் போட வந்த தகப்பன் ஐலய்யாவிடம், "நைனா, நான் கண்ணாடிக் குழாய் புடிக்கிற வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டான். கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயம், இரண்டு வருஷம். கடைசி ஆறு மாதம் மாவட்ட நோயறியும் கூடத்தில் பயிற்சி. அது முடிந்தால் சான்றிதழ். சான்றிதழ் கையில் வந்தால் அதே கூடத்தில் ஒப்பந்த டெக்னீஷியன் வேலை, வெள்ளைக் கோட்டு, சுற்றுகிற நாற்காலி.

கூடத்தில் சேர்ந்த முதல் நாள் அட்டெண்டர் யாதகிரி அவனைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தார். கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆடு நின்றது.

"எந்த ஆளுங்கடா நீங்க?"

"குருமர்ண்ணா."

"பாரு, கவர்மெண்டுக்கும் சில நேரம் புத்தி வேலை செய்யுது. பத்திரமாப் பாத்துக்க. உன்னவிட அதுக்கு சர்வீஸ் ஜாஸ்தி."

அதனால்தானோ என்னவோ அந்த ஆட்டுக்கு சீனியர் என்று பெயர். கிருமியை வளர்க்கிற தட்டுகளுக்கு ஆட்டு ரத்தம் வேண்டும். வாரத்துக்கொரு முறை கழுத்து நரம்பில் ஊசி செருகி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்கக் கண்ணாடி மணிகளோடு குலுக்கி, தட்டில் ஊற்ற வேண்டும். அலுவலகத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர் சீனியர் ஒருவர்தான். பதிவேட்டின்படி முன்பு இன்னோர் ஆடும் இருந்தது. அது நீலநாக்கு நோயில் இறந்ததாக நான்கு அதிகாரிகள் கையெழுத்திட்ட பிரேதப் பரிசோதனை அறிக்கை உள்ளது. மறுநாள் அந்த நால்வரும் வயிறு சரியில்லை என்று கொடுத்த விடுப்புக் கடிதங்கள் அடுத்த பக்கத்தில் ஒழுங்காகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன.

ஓதேலு மற்ற பயிற்சியாளர்களைப் போல இல்லை. சோதனை போடாமலே முடிவு எழுதத் தெரியாது அவனுக்கு. மாட்டின் தொண்டை அடைப்பான் கிருமியைப் பன்னிரண்டு ரத்தத் தட்டுகளில் வளர்த்து, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரிடம் காட்டினால்தான் தேர்ச்சி. தட்டில் ஊற்றுகிற ரத்தம் புதிதாக இருக்க வேண்டும். சீனியர் இல்லையென்றால் தட்டு இல்லை. தட்டு இல்லையென்றால் அடுத்த வருஷக் கூட்டத்தோடு வந்து மறுபடி கயிறு பிடிக்க வேண்டும். ஒப்பந்த வேலையோ ஒன்றுதான். அது அடுத்த வருஷம் வரை யாருக்காகவும் காத்திருக்காது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது துணை இயக்குநர் டாக்டர் புருஷோத்தம் அவனைக் கூப்பிட்டார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதை முன்னிட்டு வருகிற ஞாயிறு தாவத், கறி விருந்து.

"ஓதேலு, அந்த ஆடு ஞாயித்துக்கிழமை காலைல சாகுது."

"சார்?"

"வெள்ளிக்கிழமையே ரிப்போர்ட் எழுதி வச்சுரு. கடைசி நேரத்துல பறக்கக் கூடாது."

"என்ன நோய்னு எழுத சார்?"

"படிக்கிற புள்ள, நீயே உனக்குப் புடிச்சதா ஒண்ணு போடு. நீலநாக்கு வேண்டாம், அது போன தடவை போட்டாச்சு. ஆடிட்காரன் சந்தேகப்படுவான்."

எந்த நோயையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற இந்தச் சுதந்திரம் அவனைப் பிடித்து ஆட்டியது. இரண்டு நாள் பாடப் புத்தகத்தைப் புரட்டினான். இறுதியில், தின்ன முடியாத ஒரு நோயைத் தேர்ந்தெடுத்தான். புரூசெல்லா. ஆட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றுவது. கையேடு சொல்கிறது: நோய் கண்ட பிராணியைத் தனியே கட்டி முப்பது நாள் கழித்து மறுபரிசோதனை செய்யலாம், அல்லது கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்கலாம். கூடத்தின் கழிவுநீர்க் குழி ஆறு வருஷமாகக் கோப்பில் மட்டுமே தோண்டப்பட்டு வருகிறது. ஆகவே புதைக்க மாட்டார்கள், தனியே கட்டுவார்கள் என்று ஓதேலு கணக்குப் போட்டான். கணக்கில் தவறில்லை. ஆட்களைத்தான் குறைத்து எடை போட்டுவிட்டான்.

சோதனை எளிது. ரத்தத்திலிருந்து பிரித்த நீர் ஒரு சொட்டு, இளஞ்சிவப்பு மருந்து ஒரு சொட்டு. கலந்து நான்கு நிமிஷம் தட்டை ஆட்டினால், நோய் இருந்தால் திரிந்த பால்போல் துகள் துகளாகும். இல்லையென்றால் அப்படியே இருக்கும். குளிர்பெட்டியில் நோயுள்ள ஆட்டின் ரத்தநீர் ஒரு புட்டி எப்போதும் உண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஓதேலு அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, சீனியர் பெயர் எழுதிய தட்டில் விட்டான். அழகாகத் திரிந்தது. கொண்டுபோய் அதிகாரி மேஜையில் வைத்தான்.

புருஷோத்தம் நாற்காலியோடு பின்னால் போனார். வாசலில் நின்ற யாதகிரிதான் முதலில் வாய் திறந்தார்.

"நல்லா வேக வச்சா கிருமி செத்துரும்ல?"

"கறியில செத்துரும்ணா. அறுக்குறவங்க கை வழியாத்தான் வரும்."

"வந்தா என்ன பண்ணும்?"

"காய்ச்சல், மூட்டு வலி. ஆம்பளைங்களுக்கு இன்னொரு இடமும் வீங்கும்."

எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. தாவத் கத்தியை யாதகிரி அப்போதே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அன்று சாயங்காலம் ஓதேலு சீனியருக்கு இரண்டு கட்டு பசும்புல் வாங்கிப் போட்டான்.

மறுநாள் காலை கொல்லைப்பக்கம் மண் அள்ளும் இயந்திரம் நின்றது.

முப்பத்தொரு வருஷ சேவையில் தன் படம் ஒரு முறைகூடப் பத்திரிகையில் வந்ததில்லை என்பது புருஷோத்தமுக்கு ராத்திரி படுக்கையில் உறைத்திருக்கிறது. காலையில் நிருபர் வந்துவிட்டார். வெள்ளைப் பாதுகாப்பு உடை நான்கு, சுண்ணாம்பு மூட்டை இரண்டு, எல்லாம் ஆறு வருஷம் காத்திராமல் ஆறு மணி நேரத்தில் வந்திருந்தன.

"ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒரு காரியமாவது ரூல்படி செஞ்சுட்டுப் போறேன்யா" என்றார்.

"சார், முப்பது நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட் போடலாம்னு கையேட்டுல..."

"ஏன், நீ போட்ட டெஸ்ட் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

நிருபர் பேனாவை நிமிர்த்தினார். இல்லை என்று சொல்ல ஓதேலுவுக்கு ஒரு மூச்சு அவகாசம் இருந்தது. சொன்னால் ஆடு பிழைக்கும். அவன் படிப்பு அந்தக் குழிக்குள் போகும்.

"நம்பிக்கை இருக்கு சார்."

"அப்போ ஊசிய நீயே போடு. பழகின கை."

பழகின கைதான். மயக்க மருந்தை மூன்று மடங்கு ஊசியில் ஏற்றிக்கொண்டு அவன் உட்கார்ந்ததும், வாராவாரம் செய்கிறபடியே சீனியர் தலையைத் தானாகத் திருப்பிக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. அந்தக் கட்டம் படத்துக்கு நன்றாக அமைந்தது என்று நிருபர் சொன்னார். பத்திரிகையில் வந்தது என்னவோ புருஷோத்தமின் படம்தான்.

குழியை மூடிவிட்டுக் கை கழுவும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது.

"தாவத்?" என்றார் புருஷோத்தம்.

"இவங்க வீட்ல எண்பது நிக்குது சார்" என்றார் யாதகிரி, சுண்ணாம்பை உதறியபடி. "கெடுத்தவனே குடுக்கட்டும். அவங்கப்பன்கிட்ட ஒரு பொலிகிடா இருக்காம், கன்னுக்குட்டி சைசுல. பையனே சொல்லியிருக்கான்."

சனிக்கிழமை ஐலய்யா கிடாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மந்தைக்கு அது ஒன்றுதான் பொலிகிடா. அடுத்த வருஷத்துக் குட்டிகள் அத்தனையும் அந்தக் கயிற்றில் வந்திருந்தன. மகனுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"பேப்பர்ல படத்தக் காட்டினாங்க மகனே. ஊரே பேசுது."

"ம்."

"அதுல ஓரமாக் கிடந்த ஆட்டப் பாத்தேன். உடம்பு பளபளன்னு இருந்துச்சே. அதுக்கு ஒண்ணுமில்லையேடா."

"நைனா, உனக்கு என்ன தெரியும்? இது மெஷின்ல பாக்குற நோய். கண்ணுக்குத் தெரியாது."

"அப்படியா" என்றார் ஐலய்யா. நாற்பது வருஷம் ஆடு பார்த்த கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "படிச்சவன் சொன்னா சரிதான்."

ஞாயிறன்று கிடா, மசாலா மணக்கும் பகாரா சோறோடு பரிமாறப்பட்டது. ஐலய்யா பந்தியில் உட்காரவில்லை. அடுப்பங்கரையோரம் தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். புருஷோத்தம் நல்லி எலும்பு ஒன்றைத் தன் கையாலேயே ஓதேலுவின் இலையில் வைத்தார். அவன் உறிஞ்சினான். சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, காரம் கொஞ்சம் தூக்கல் சார் என்றான்.

வியாழக்கிழமை வெளித் தேர்வாளர் வந்தார்.

"தட்டு பன்னிரண்டு எங்கப்பா?"

"தட்டெல்லாம் எதுக்கு சார்?" என்று புருஷோத்தம் பத்திரிகைத் துண்டை நீட்டினார். "பையன் மாவட்டத்தையே காப்பாத்தியிருக்கான்."

தேர்வாளர் படித்தார். "நல்லது. அப்போ அந்த டெஸ்டையே என் முன்னாடி போடட்டும்." குளிர்பெட்டியைத் தானே திறந்தார். சீனியர் பெயர் எழுதிய குழாயைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தது நிஜமாகவே சீனியரின் ரத்தநீர்.

ஓதேலு ஒரு சொட்டு விட்டான். மருந்தை ஒரு சொட்டு விட்டான். தட்டை ஆட்டினான். ஒரு நிமிஷம். இரண்டு. நான்கு நிமிஷம் ஆனது. சொட்டு கண்ணாடி போல் வழவழவென்று கிடந்தது. ஒரு துகள் இல்லை. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். புருஷோத்தமும் குனிந்தார். டீ கொண்டுவந்த யாதகிரி தட்டோடு அப்படியே நின்றார். யாராவது ஒருவர் சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது ஓதேலுவுக்கு.

தேர்வாளர் சொட்டைப் பார்த்தார். பத்திரிகைத் துண்டைப் பார்த்தார். மேஜையின்மேல் புருஷோத்தம் முழுப் பெயரோடு கையெழுத்திட்டிருந்த கோப்பைப் பார்த்தார். மறுபடி சொட்டைப் பார்த்தார்.

"துகள் தெரியுதுல்ல?" என்றார் புருஷோத்தம்.

"ஓரத்துல... லேசா" என்றார் தேர்வாளர்.

"எனக்கு இங்கிருந்தே தெரியுது சார்" என்றார் யாதகிரி.

"துகளுக்கு எத்தனை பிளஸ் போடுவ தம்பி?" என்று தேர்வாளர் கேட்டார்.

ஓதேலு பேனாவை எடுத்தான். "ரெண்டு சார்."

"ரெண்டுக்குப் போய் யாராவது ஆட்டக் கொல்லுவாங்களா? மூணு போடு."

போட்டான். செய்முறையில் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். கையெழுத்து தெளிவில்லை என்று தேர்வாளர் எட்டைக் குறைத்திருந்தார்.