ஃபரங்கிஸ் கம்பளி துவைத்த இடம்

என் தங்கை ஃபரங்கிஸ் துவைத்த கம்பளியில் ஒரு முள்ளைக்கூடப் பார்க்க முடியாது. அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆனாலும் என் கம்பளியை அவளுடையதற்குப் பக்கத்தில் உலர்த்தமாட்டேன், என்னுடையது அழுக்காகத் தெரியும். ஊரில் அவளுக்கு நீர்ப்பல்லிகளின் அத்தை என்று பெயர். கேலிதான். அவளுக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

ஊருக்கு மேலே, ஓக் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊற்றுக் குளத்தில்தான் அந்த நீர்ப்பல்லிகள் வாழ்கின்றன. விரல் நீளம். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள், முதுகில் செம்மஞ்சள் கோடு. நான்கு கால்களும் அப்போதுதான் மருதாணியைக் கழுவியது போல் இருக்கும். தோலில் விஷம். ஒரு தண்ணீர்ப் பாம்பு இவற்றில் ஒன்றைக் கவ்விய வேகத்தில் துப்பிவிட்டு, வாயைக் கல்லில் தேய்த்தபடி போனதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அவை யாரைக் கண்டும் ஓடுவதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருப்பது போல் கல்மேல் இருக்கும். குளம் நிறைந்திருக்கும் மாதங்களில் கல்லடியில் முட்டையிடும். கோடையில் வற்றினால் பாறைக்கடியில் போய், அடுத்த மழைவரை அசையாமல் கிடக்கும்.

வசந்தத்தில் ஆடுகளுக்கு மயிர் கத்தரித்ததும் பெண்கள் எல்லோரும் அந்தக் குளத்தில்தான் துவைப்போம். நுரைவேரை இடித்துக் கரைத்தால் பால் போல் நுரை பொங்கும். ஒருத்தி ஊற்ற, ஒருத்தி மிதிக்க, ஒருத்தி கட்டையால் தட்ட, எல்லோருமாக ஒரு வீட்டுக் கம்பளியை முடித்துவிட்டு அடுத்த வீட்டுடையதைத் தொடுவோம். மறுநாள் நீர்ப்பல்லிகள் வயிற்றைக் காட்டி மிதக்கும். கம்பளி குளத்து விஷத்தை இழுத்துவிட்டது, இனிக் குழந்தைகளுக்குப் பயமில்லை என்று நிம்மதியாக வீடு திரும்புவோம்.

ஒரு வருடம், துவைக்கும் நாளுக்கு முன்பே ஃபரங்கிஸ் ஒரு சட்டித் தண்ணீரில் கொஞ்சம் நுரையைக் கலந்து, ஒரு நீர்ப்பல்லியை விட்டுப் பார்த்தாள். அது நெளிந்து மல்லாந்தது. பதறி எடுத்து ஊற்று நீரில் விட்டாள், பிழைத்துக்கொண்டது. அன்று அவள் மோர்கூடக் குடிக்கவில்லை.

அந்த வருடம் அவள் மகள் லாலேவுக்குக் கல்யாணம். மணமக்கள் படுக்க, கம்பளியை நனைத்துச் சுருட்டி மிதித்துச் செய்யும் தடித்த விரிப்பைப் பெண்வீடு தரவேண்டும். அதைச் செய்பவர் ரயிலில் வந்து இறங்குவதற்குள் கம்பளி துவைத்துக் காய்ந்திருக்க வேண்டும். தவறினால் அவர் மறுவருடம்தான் வருவார். விரிப்பு இல்லாமல் பெண்ணை அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை.

துவைக்கும் நாளன்று எல்லோரும் குளத்தடியில் கூடினோம். மாப்பிள்ளையின் தாய் கெய்ருன்னிசாதான் வழக்கமாக முதல் வேரை இடிப்பாள். உலக்கையை எடுத்தவளை ஃபரங்கிஸ் தடுத்தாள்.

“இங்க வேணாம் சம்பந்தி. கீழ ஆத்துக்குப் போயிடலாம். அங்க தண்ணி வேகமா ஓடும், நுரை நிக்காது.”

“ஆத்துக்கா? ஈரக் கம்பளிய அந்த ஏத்தத்துல யாரு தூக்குவா? உன் பல்லிங்க வந்து தூக்குமா?”

“நீங்க உசுரோட விட்டா கேட்டுப் பாக்கிறேன்.”

“செத்தா நல்லதுதானே. விஷம் ஒழிஞ்சுது.”

“விஷம் அது தோல்ல இருக்கு. பிடிச்சுத் தின்னாத்தான் ஆபத்து. நீங்க தின்னப் போறீங்களா?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கெய்ருன்னிசாவின் முகம் சிவந்தது.

“போ, தனியாப் போய்த் துவை. ஆனா விரிப்பு இல்லாம என் வாசலுக்குப் பொண்ணக் கூட்டிட்டு வராத.”

ஃபரங்கிஸ் மூட்டைகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றினாள். யாரும் நகரவில்லை. நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

“உன் கம்பளி என்னாகும்க்கா?”

“கெடக்கட்டும். நட.”

ரயில் பாலத்துக்குக் கீழே ஆறு பனி உருகிய குளிரோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரால் ஆகிற வேலை இல்லை அது. நான் நுரை ஊற்றத் திரும்பிய நேரத்தில் ஒரு பெரிய பொதியை ஆறு இழுத்துக்கொண்டது. ஃபரங்கிஸ் இடுப்பளவு நீரில் பாய்ந்துவிட்டாள். பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

“விடுக்கா!”

“கம்பளியை ஆடு தரும். நீ போனா யாருடி தருவா?”

கரையில் உட்கார்ந்து நடுங்கினாள். “கல்யாணம் நின்னுடுமாக்கா?” என்றாள். நான் கட்டையை எடுத்து மிச்சக் கம்பளியைத் தட்டத் தொடங்கினேன்.

பாலத்தின் பக்கமிருந்து கல் உருளும் சத்தம். கெய்ருன்னிசா பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“என் பையன் படுக்கப்போற விரிப்பு ஆத்தோட போகுது. மேல நின்னு வேடிக்கை பாக்கச் சொல்றியா?” என்று என் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கினாள். “தள்ளு. நீ தட்டுற தட்டுல கம்பளி தூங்கிடும்.”

அவள் இடிக்காமல் குளத்தில் யாரும் வேர் இடிக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மற்றவர்களும் கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கே இறங்கினார்கள். திரும்ப ஏறும்போது வழியெல்லாம் என் தங்கைக்குத்தான் திட்டு. ஈரக் கம்பளியின் கனம் எங்கள் முதுகுக்குத் தெரியும், திட்டியதில் தப்பில்லை.

ஆறு கொண்டுபோன பொதியின் அளவுக்கு விரிப்பு குட்டையாகிவிட்டது. கல்யாணத்தன்று அதை விரித்துப் பார்த்த ஒருத்தி, “இதுல படுத்தா மாப்பிள்ளைக்குக் கால் வெளிய நிக்குமே” என்றாள். ஃபரங்கிஸ் தலை குனிந்துகொண்டாள்.

“நின்னா என்ன?” என்றாள் கெய்ருன்னிசா. “சுருண்டு படுக்கட்டும். இடம் பத்தலன்னா ரெண்டும் நெருக்கமாத்தான் கெடக்கும்.”