அந்தச் சொல்லைப் பிரெஞ்சில் சொன்னேன்

கடைக்குள் வந்தவன் எதுவும் வாங்கவில்லை. பாரிசின் லா சப்பலில் நான் பிளவுஸ் தைக்கும் சேலைக் கடை அது. பின்பக்கம்வரை வந்து என் மெஷினுக்கு முன்னால் நின்று, "அக்கா ஊரிலை எவடம்?" என்று கேட்டான். யாழ்ப்பாண டவுன் என்று பொய் சொன்னேன். சிரித்தான். கைபேசியை உயர்த்திக் கடையைப் படம் எடுத்தான். நானும் அதற்குள் விழுந்திருப்பேன். அவன் போன பிறகு மெஷினை வாசல் தெரியும்படி திருப்பி வைத்தேன்.

சும்மா வந்தவனாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கூட்டத்தில் பேசுவதாக இருந்தது. இலங்கையில் போர் முடிந்ததும் இராணுவத்தின் தடுப்பு முகாமில் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றிய கூட்டம். என்னோடு பேச இருந்தவ பாரிசுக்கு வெளியே பொபினியில் இருக்கும் ஒரு அக்கா. இரண்டு பேரும் ஒரே முகாமில் இருந்தவர்கள். பாரிசில் ஒரு டொக்டரிடம் காத்திருந்தபோது தற்செயலாகக் கண்டோம். கண்டதும் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். மாதக்கணக்கில் பழகிய பிறகுதான் அதைப் பற்றி வாய் திறந்தோம். பெயர் சொல்லத் தேவையில்லை, திரைக்குப் பின்னால் இருக்கலாம், வாசலிலேயே எல்லோருடைய கைபேசியையும் வாங்கி வைப்போம் என்று கூட்டம் நடத்தும் பெண்கள் சொன்னதால் சம்மதித்தோம்.

அவன் வந்துபோன மறுநாள் தம்பி ஊரிலிருந்து போன் எடுத்தான்.

"அக்கா, மோட்டார் சைக்கிளிலை ரெண்டு பேர் வந்தவங்கள். சிவில் உடுப்பு, சீஐடி போலை. உன்னைத்தான் கேட்டவங்கள்."

"என்னவாம்?"

"பிரான்சிலை எங்கை வேலை, ஆரோடை பழக்கமெண்டு. அம்மா இன்னும் கதவைத் திறக்கிறா இல்லை. நீ அங்கை கூட்டம் கீட்டமெண்டு போறியோ?"

"இல்லையடா" என்றேன்.

பொபினி அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நான் வரேல்லை. இவருக்கு இண்டைவரைக்கும் தெரியாது. முகத்தை மறைச்சாலும் குரலிலை பிடிச்சிடுவார்" என்றா. அவவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மகளுக்கே நான் எதுவும் சொன்னதில்லை. அவளுடைய அப்பா போரில் காணாமல் போனவர். அவளை அம்மாவிடம் விட்டிருந்த நாட்களில்தான் எனக்கு அது நடந்தது. சின்னதிலேயே இங்கே வந்து, இப்போது யூனிவெர்சிட்டியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள்.

அப்படியிருந்தும் ஏன் போனேன்? நான் ஒரு வார்த்தை பேசுவதற்கு முதலே அம்மாவின் வாசலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். பேசாமல் இருந்தாலும் வருவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால் பயம் குறைந்துவிடவில்லை.

மகளிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். மெட்ரோப் பாலத்தின் கீழே இரண்டு தரம் தெருவைக் கடந்து கடந்து, பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தேன். மண்டபத்தில் என்னை ஒரு துணித்திரைக்குப் பின்னால் இருத்தினார்கள். திரை தரைவரை எட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. மினுக்கிய கறுப்புச் சப்பாத்து ஒன்றைக் கண்டதும் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். முகாமில் கதவுக்குக் கீழால் நான் பார்த்துக்கொண்டிருந்ததும் அப்படியான சப்பாத்துகளைத்தான்.

என் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பாண்டிச்சேரி அம்மா இருந்தா. நான் மெல்லச் சொல்லச் சொல்ல அவ பிரெஞ்சில் சொன்னா. பெயர் கூப்பிடுவது, விசாரணை என்று கூட்டிப்போவது, திரும்பி வந்தவளை மற்றவர்கள் ஒன்றும் கேட்காமல் போர்வையால் மூடுவது. பிறகு, "என்னைக் கெடுத்தவங்கள்" என்றேன். அவ மொழிபெயர்ப்பதை நிறுத்தினா.

"கெடுத்தாங்கன்னு அப்படியே பிரெஞ்சுல சொன்னா, பழுதாக்கிட்டாங்கன்னு அர்த்தமாகும்மா. எப்படிச் சொல்லட்டும்?" என்று காதுக்குள் கேட்டா.

நான் கெட்டுப்போகவில்லை. ஆனால் தமிழில் வேறு சொல் என் வாயில் வரவில்லை. அகதி விசாரணையில் அதிகாரி அதற்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பிரெஞ்சுச் சொல் வந்தது. "வியோல்" என்றேன், ஒலிவாங்கிக்குள், நானாகவே.

திரைக்குக் கீழே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து சட்டென்று பின்னுக்கு இழுபட்டது. ஒன்றில் மஞ்சள் லேஸ், மற்றதில் வெள்ளை. என் வீட்டு வாசலில் ஒவ்வொரு நாளும் கிடக்கும் சப்பாத்து. என்னுடைய தமிழை மகள் எங்கேயாவது தவறவிட்டிருப்பாள், அந்தச் சொல்லைத் தவறவிட்டிருக்க மாட்டாள். ஓடிவிடலாம் போலிருந்தது. பாண்டிச்சேரி அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டா. மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். அந்தச் சப்பாத்துகள் கடைசிவரை அங்கேயே இருந்தன.

வெளியே மகள் நின்றாள். நான் பொபினி அக்காவோடு கதைத்ததைக் கேட்டிருக்கிறாள். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்று தமிழில் கேட்டாள். "பயம்" என்றேன். மெட்ரோவில் என் கையை இறுக்கிப் பிடித்தபடி, ஏறியவர்களையெல்லாம் என்னைப் போலவே பார்த்துக்கொண்டு வந்தாள். அதைக் காண எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளில் வந்த அந்த இரண்டு பேரும் திரும்பவும் அம்மாவிடம் போயிருக்கிறார்கள். தம்பி அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். என்னோடு அவன் இன்னும் கதைப்பதில்லை. அம்மாவே ஒரு நாள் போன் எடுத்தா.

"என்ன சொன்னனீ அங்கை?"

"நடந்ததைச் சொன்னனான்."

அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நான் எப்போதும் நினைத்திருந்தேன். இருவரும் பேசியதில்லை.

"என்னைக் கேட்டிருந்தால் வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றா. "கேக்காமல் விட்டது நல்லது. ஆனால் இஞ்சை வராதை, பிள்ளை. நான் செத்தாலும் வராதை."

ஓம் என்றேன்.