குழாய்க்கு ஊற்றிய கல்யாணச் சாராயம்

கார்கிவ் நகரில் இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டியவள் யாரினா. எடுத்த வேலையைப் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

மின்சாரம் போய் மூன்று நாளாகிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நின்றதில், உறைகுளிரில் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகைந்தது. தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும் என்று யாரினா மெயின் வால்வை அடைத்தாள். அறைகளுக்குச் சூடு தரும் ரேடியேட்டர்களின் தண்ணீரைக்கூட வாளி வாளியாக வடித்தாள். வடியாமல் தேங்கி நின்றது கழிப்பறையிலும், தொட்டிகளுக்கு அடியில் வளைந்துபோகும் குழாய்களிலும்தான். அள்ள முடிந்ததை அள்ளினாள். பிறகு, மகள் கல்யாணத்துக்கென்று புருஷன் ஒமெல்கோ காய்ச்சி ஒளித்திருந்த சாராயத்தை வெளியே எடுத்தாள்.

"அடிப்பாவி! அதை எதுக்குடி எடுக்கிற?"

"எந்தக் குளிர்லயும் உறையாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே! இப்பப் பாத்துருவோம்."

முதல் பாட்டில் சமையலறைக்குப் போயிற்று, இரண்டாவது கழிப்பறைக்கு. குளியலறைக்கான மூன்றாவதை ஒமெல்கோ மார்போடு அணைத்துக்கொண்டான்.

"எனக்கும் குடல் உறையுதுடி!"

"உனக்குக் கால் இருக்கு, பக்கத்து வீட்டு விறகடுப்புக்கு நடந்து போ. இந்தக் குழாய் எங்கய்யா போகும்? குடு இங்க!"