அக்கா மினுக்கிய துவக்கு

அத்தானை நினைத்தால், கம்பளியில் சுற்றிய ஒரு துவக்கோடு லண்டன் ஹரோவில் தன் வீட்டு வாசலில் அவர் நின்ற கோலம்தான் முதலில் வருகிறது. இப்போது அத்தான் இல்லை. அவரைப் பற்றிப் பேச யாராவது வந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியே இருந்தார். அவருடைய பொயிலரோ வேலியோ பழுதானால் அத்தான்தான் திருத்திக் கொடுப்பார். ஜெர்மனியில் கடைசல் பட்டறையில் பல வருடம் பழகிய கை அது. பிள்ளைகுட்டி இல்லாத அந்த மனிதர், தன் பூட்டனாரின் துவக்கை அத்தானுக்கென்று உயிலில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அவ்வளவு பழைய துவக்கை அலங்காரமாக வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. தெரிந்தும் அத்தான் பொலிஸில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எடுத்துவந்தார். அகதியாக வந்தவனுக்குச் சட்டத்தைப் படித்தால் மட்டும் நித்திரை வராது.

"உந்தத் துவக்கை ஷெட்டுக்குள்ள வையுங்கோ. வீட்டுக்குள்ள கொண்டு வந்தால் நான் வெளிய போறன்" என்றார் அக்கா. யாழ்ப்பாணத்தில் துவக்கு நீட்டியவனுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அவர். அத்தான் அப்படியே திரும்பித் தோட்டத்து ஷெட்டுக்குக் கொண்டுபோனார்.

விசையை இழுத்ததும் சுத்தியல் மாதிரி விழுந்து அடிக்கிற இரும்பு அதில் இல்லை. நீங்களே ஒன்று செய்யலாமே என்று கேட்டேன். "ஏலும் தம்பி. ஆனா பிறகு அது என்ர துவக்காப் போயிடும். அந்த மனுசன்ர துவக்குக்கு அந்தக் காலத்து இரும்புதான் வேணும்" என்றார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு, பழைய துவக்குச் சந்தைகளுக்கு இரண்டு பேரும் அலைந்தோம். மண்டபம் முழுக்க எங்கள் நிறத்தில் நாங்கள் மட்டும்தான். அத்தான் ஒன்றை விசாரித்தால், கடைக்காரர் அவருக்குப் பின்னால் நிற்கிறவருக்குப் பதில் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தான் அசையவே மாட்டார். கடைசியில் துருப்பிடித்த சாமான்கள் கிடந்த ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அந்த இரும்பு அகப்பட்டது. துளை கொஞ்சம் பெரிது. பழைய இரும்பில் அரம் படக்கூடாதென்று, மெல்லிய தகடு வெட்டி உள்ளே செருகிப் பொருத்தினார். விசையை இழுத்தபோது சரியாக விழுந்தது. சேகரிப்பாளர் சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சியில் வைக்க இடமும் கிடைத்தது. அந்த மனிதர்களுக்கு முன்னால் தன் வேலையைக் காட்டவேண்டும், அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

கண்காட்சிக்கு முன் சரஸ்வதி பூசை வந்தது. அரம், ஸ்பானர் எல்லாவற்றையும் வழக்கம்போல் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அத்தான் வேலைக்குப் போனார். மாலையில் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், குத்துவிளக்கின் பக்கத்தில் துவக்கு! அதன் பித்தளை முழுவதும் பளபளவென்று மின்னியது.

"எல்லாத்தையும் கும்பிட வைச்சிட்டு, இது மட்டும் ஊத்தையோட ஷெட்டுக்க கிடக்கிறதே? நான்தான் எடுத்துவந்து பழப்புளி போட்டுத் தேய்ச்சனான். வடிவா இருக்கே?" என்றார் அக்கா.

"ஓம், நல்ல வடிவு" என்றார் அத்தான்.

பிறகு வெளியே போய்க் காருக்குள் ஏறியபோதுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். தலைமுறைகளாகப் பித்தளையில் படிந்த பழுப்புக்குத்தான் சேகரிப்பவர்கள் மதிப்பு வைப்பார்களாம். அதைத் தேய்த்தெடுத்தால் துவக்கே பழுதான மாதிரியாம். மருந்து பூசித் திரும்பப் பழுப்பாக்கலாமே என்றேன்.

"விடு தம்பி. ரெண்டு வருசம் கிட்டவும் வராதவள், தானாத் தொட்டிருக்கிறாள். நான் அதை அழிக்கிறதே?"

கண்காட்சியில் நடுவர் அந்த இரும்பைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். எங்கே தேடிப் பிடித்தீர்கள் என்று அத்தானின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு பித்தளையைக் கண்டு முகத்தைச் சுளித்து, இது யார் செய்த வேலை என்றார். அத்தான் நிமிர்ந்து நின்று, மண்டபத்துக்கே கேட்கும்படி "மை வைஃப்" என்றார். பரிசு வேறு யாருக்கோ போனது. பக்கத்தில் நின்ற எனக்கோ பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றார். "என்ன சொன்னவை?"

"எல்லாரும் பித்தளையைத்தான் பாத்தவை."

"நான் அப்பவே நினைச்சனான்" என்றபடி அக்கா துவக்கை அவர் கையிலிருந்து வாங்கி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.