ஈசானிய மூலையின் விலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்மண்டலத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் இளவரசுவின் குரலுக்காகக் காத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும் குரல் அது. ‘செம்மண்டலம் சேதி’ என்று பெயர் வைத்திருந்தான். எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது, இந்த வாரம் மின்தடை என்றைக்கு, யார் இறந்தார்கள், எப்போது எடுக்கிறார்கள், பழுப்பு நிற நாய் ஒன்று காணவில்லை, பார்த்தவர்கள் சொல்லவும். இதெல்லாம் முன்பாதி. கடைசியில் வருவது வீட்டு நிலவரம். எந்த மனை கைமாறியது, எந்த வீடு விலைக்கு வந்திருக்கிறது, சதுரடி என்ன பேச்சு. முன்பாதியைத் தள்ளிவிட்டு நேராக அங்கே போகிறவர்கள்தான் அதிகம் என்று அவனுக்குத் தெரியும். விற்கிற எண்ணமே இல்லாதவர்களும் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் தங்கள் வீட்டுச் சுவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்கள்.

இளவரசு வாடகை வீட்டில் இருந்தான். அவன் மனைவி மலர்க்கொடி அதைச் சொல்லிக் குத்தாத ஞாயிறு கிடையாது. “ஊர்ல இருக்கிற வூட்டுக்கெல்லாம் வெல ஏத்தி உடுறியே, நம்ம ஓனரு அதக் கேட்டுட்டு வாடகைய ஏத்தாம பாத்துக்க.”

அவன் அப்பாவும் அம்மாவும் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்தவர்கள். வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் இவன்தான். சிதம்பரத்தில் மூன்று வருடம் வரலாறு படித்தான். படித்து முடித்ததும் பத்திரிகையில் சேர்ந்துவிடலாம் என்று நம்பினான். ஒரு நாளிதழுக்குக் கொஞ்ச காலம் துண்டுச் செய்திகள் அனுப்பினான். அதில் வயிறு நிறையவில்லை. கேபிள் டிவிக்கு வீடு வீடாக வசூல் செய்யும் வேலைக்குப் போனான். ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் நின்று நின்று ஊரின் பாதிக் கதை அவன் காதில் விழுந்தது. பிறகு ஆளாளுக்குக் கைபேசியில் படம் பார்க்க ஆரம்பித்தார்கள், கேபிள் படுத்துவிட்டது. காதில் விழுந்த கதைகள் மட்டும் மிச்சம். அவற்றை வைத்துத்தான் சேதி தொடங்கினான். கடைக்காரர்கள் கொடுத்த சின்னச் சின்ன விளம்பரத்தில் குடும்பம் ஓடியது. இது செய்தியா, வெறும் வம்பா என்று அவனுக்கே சில நாள் சந்தேகம் வரும். வீட்டு நிலவரம் சொல்லும்போது மட்டும் அந்தச் சந்தேகம் வராது. பத்திரத்தில் எழுதுகிற விலை அரசாங்கத்துக்கு, வாயால் பேசுகிற விலைதான் நிஜம். அந்த நிஜத்தைச் சொல்ல ஊரில் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொள்வான்.

மூன்றாவது குறுக்குத் தெருவில் ரசியா குடியிருந்தாள். கேபிள் வசூலுக்குப் போன காலத்திலிருந்து பழக்கம். அவள் கணவன் அன்வருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் ஷாசியா தவழ்ந்ததும் நடந்ததும் பள்ளிக்கூடம் போனதும் அந்த வாடகை வீட்டிலிருந்துதான். வீட்டுக்காரர் ஞானசேகரன் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் பாலகுமாரோடு சிதம்பரத்துக்கே குடிபோய்விட்டார். செம்மண்டலத்து வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தபோது முதலில் ரசியாவைத்தான் கேட்டார். இருக்கிறவர்களைக் கேட்காமல் வெளியாளுக்குக் கொடுப்பது முறையில்லை என்றார்.

அந்தப் பக்கத்தில் வீட்டுப் பேச்சு முடிக்கும்போது நடுவில் ஒரு ஆள் உட்கார வேண்டும். அவன் வாங்குகிறவனுக்கும் வேண்டியவன், விற்கிறவனுக்கும் வேண்டியவன். காகிதம் எழுதுவதற்கு முன்னால் அவன் காதுதான் சாட்சி. ரசியா இளவரசுவைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனாள். இரண்டு பக்கமும் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டார்கள். ஞானசேகரனின் மனைவி தட்டில் பூவும் பழமும் சர்க்கரையும் வைத்து ரசியாவிடம் கொடுத்தாள். நோன்பு முடிந்து அன்வர் லீவில் வந்ததும் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதுவதாகப் பேச்சு. ரசியாவும் இளவரசுவும் அங்கேயே சாப்பிட்டார்கள்.

பேருந்தில் திரும்பி வரும்போது ரசியா, “இத உன் சேதில போட்டுடாத தம்பி. கண்ணு பட்டுடும். கையெழுத்தாவட்டும், இன்ஷா அல்லாஹ், அப்பறம் நீயே ஊருக்குச் சொல்லு” என்றாள்.

“அக்கா, நான் வாயே தொறக்கல” என்றான். அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தான்.

அதற்குப் பிறகுதான் பழனிவேல் ஒரு துண்டு மனை வாங்கினார். அவர் பண்ருட்டியில் பலாப்பழக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். செம்மண்டலத்தில் முதல் குறுக்குத் தெரு முனையில் பெரிய வீடு. அந்த வீட்டு மனையின் ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, வெட்டுப்பட்டிருந்தது. அந்த மூலையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு நிலம் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தம். மண்டியில் நஷ்டம் வந்தாலும் மகளுக்கு வரன் தட்டிப்போனாலும் பழனிவேல் அந்த மூலையைத்தான் குறை சொல்வார். ஜோசியரும் அதையே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஆளின் அவசரம் தெரிந்தவர். ஊர் விலையைப் போல ஒன்றரை மடங்கு கேட்டார். பழனிவேல் கொடுத்துவிட்டார்.

பதிவு அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் இளவரசுவுக்கு இந்தச் செய்தி கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானம் குரல் பதிவு செய்ய உட்கார்ந்தான். சதுரடி விலையைச் சொன்னான். எதற்காக அந்த விலை என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொன்னான். திரும்பப் போட்டுக் கேட்டபோது சேதி நீண்டுவிட்டதாகப் பட்டது. அந்த வாக்கியத்தை வெட்டினான்.

ஏன் வெட்டினான் என்பதை அவன் பின்னால் எத்தனையோ தடவை யோசித்தான். நீளமாகிவிட்டது என்பது உண்மைதான். அதைச் சொன்னால் பழனிவேல் மாமாவைக் கேலி செய்தது போல இருக்கும் என்றும் தோன்றியது. அதுவும் உண்மை. ஆனால் மூலையைப் பற்றிச் சொன்னால் விலை சாதாரணமாகிவிடும், விலையை மட்டும் சொன்னால் ஊரே அதிரும் என்று உள்ளே ஒன்று சொல்லியதே, அதை எதில் சேர்ப்பது?

ஊர் அதிரத்தான் செய்தது. ‘செம்மண்டலத்தில் இதுவரை இல்லாத விலை’ என்ற அவன் குரல் குடும்பக் குழுக்களுக்கெல்லாம் போனது. துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டு, நம்ம மனை என்ன போகும் என்று கேட்டார்கள். ஒரு வாரம் அவன் தலைகால் புரியாமல் இருந்தான்.

ரசியா அவன் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தம்பி, நீ சொன்ன ரேட்டு நம்ம தெருவுக்குமா?”

“இல்லக்கா. அது அந்த ஒரு துண்டுக்கு. வாஸ்துக்காக மாமா குடுத்தது.”

“ஞானசேகரன் சார் ஃபோன் பண்ணாரு. கொஞ்ச நாளு போவட்டும்மான்றாரு. அவுரு குரலே சரியில்ல. பின்னாடி அவுரு மகன் பேசுறது கேக்குது.” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஷாசியா அத்தா லீவு போட்டுட்டாரு தம்பி. டிக்கெட்டும் எடுத்துட்டாரு.”

மறுநாளே இளவரசு சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். நடுவில் உட்கார்ந்தவன் தானே, தான் சொன்னால் கேட்பார்கள் என்ற தெம்பு இருந்தது.

ஞானசேகரன் வாசலுக்கு வந்து வரவேற்றார். பாலகுமார் எழுந்திருக்கவில்லை. கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்து ஒலிக்க விட்டான். ‘இதுவரை இல்லாத விலை’ என்று இளவரசுவின் குரலே அந்தக் கூடத்தில் உற்சாகமாகப் பேசியது. அது முடிகிற வரைக்கும் மூன்று பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்கதான சொன்னீங்க?” என்றான் பாலகுமார்.

“நான்தான். ஆனா அது ஈசானிய மூலைக்காக வாங்குன துண்டு, சார். அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான் அது அவ்வளவு பெறும். வேற யாரும் அந்த வெலைக்குக் கேக்க மாட்டாங்க.”

“அப்ப அத ஏன் சொல்லல?”

இளவரசு மேசைமேல் கிடந்த கைபேசியைப் பார்த்தான்.

“அன்னைக்கி எங்க அப்பாவ கம்மி வெலைக்கு ஒத்துக்க வெச்சதும் நீங்க. இன்னைக்கி ஏறிப்போச்சுன்னு சொல்றதும் நீங்க. இப்ப ஏறலன்னும் நீங்களே வந்து சொல்றீங்க. எத நம்புறது?”

ஞானசேகரன் துண்டை எடுத்து முகம் துடைத்தார். “பேச்சு பேசுனது வாஸ்தவம்தான் தம்பி. இல்லங்கல. ஆனா குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கி எம்மவன் என்னக் கேப்பான்ல.” சொல்லும்போது அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு இளவரசு திருத்தம் சொன்னான். வீட்டு நிலவரத்தை முதலிலேயே வைத்தான். அந்த விலை ஒரு தனிக் காரணத்துக்காகக் கொடுத்தது, தெருவின் விலை அல்ல, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது என்று நிதானமாகச் சொன்னான். இந்தச் சேதியை ஒருவரும் யாருக்கும் அனுப்பவில்லை. வந்தது வசவுதான்.

“எங்க வூட்டு வெலையக் குறைக்க யாருகிட்ட காசு வாங்குன?” என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது குறுக்குத் தெரு வாடகைக்காரரிடம் கமிஷன் பேசிவிட்டான் என்று இன்னொருவர் எழுதினார். அடுத்தடுத்துப் பலர் சேதியை விட்டே விலகினார்கள். பழனிவேல் மண்டியிலிருந்து கூப்பிட்டார்.

“ஏன் மாப்ள, நான் ஏமாளின்னு ஊருக்கே தண்டோரா போட்டுட்டியே!”

“அப்டி சொல்லல மாமா.”

“வேற எப்டி சொல்லுவ? போன வாரம் கடத்தெருவுல போனா கும்புடுறானுங்க. இந்த வாரம் சிரிக்கிறானுங்க. மூலையச் சரி பண்ணியும் எனக்கு நேரம் சரியில்ல பாரு.”

அன்வர் வந்தான். சிதம்பரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பேசினான். தன்னால் முடிந்தவரைக்கும் ஏற்றிக் கேட்டான். பாலகுமார் சேதியில் சொன்ன விலையைவிட்டு இறங்கவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு வீடு காலியாக இருந்தால் நல்லது என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள். லீவு முடிவதற்குள் குடும்பத்தை எங்காவது உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும் அவனுக்கு. ரசியாவின் சொந்தக்காரர்கள் இருந்த பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டைப் பிடித்தான்.

சாமான் ஏற்றுகிற அன்று இளவரசு போய் நின்றான். பீரோவுக்கு ஒரு கை கொடுத்தான். வண்டிக்காரர் கயிறு கட்டும்போது இழுத்துப் பிடித்தான். ஷாசியா பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் இருந்த உறையை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ரசியா திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். அவள் டீ போட அடுப்புகூட இல்லையே என்று வருத்தப்பட்டாள்.

“அக்கா, என்னாலதான்...”

“உடு தம்பி. நீ வேணும்னா செஞ்ச? எங்களுக்கு எழுதல.”

வேண்டுமென்று செய்யவில்லை என்பதை அவள் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொள்ள அவனால் இன்றுவரை முடியவில்லை.

வீட்டு கேட்டில் விற்பனைக்கு என்று பலகை தொங்கியது. முதலில் சிலர் வந்து பார்த்தார்கள். விலையைக் கேட்டதும் கிளம்பினார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை. மழைக்காலம் வந்து போனது. பூட்டிக் கிடந்த வீட்டில் சுவரோரம் பூசணம் ஏறியது. தைக்குப் பிறகு ஒரு காலையில் ஞானசேகரனே கூப்பிட்டார்.

“தம்பி, ஆளே வரமாட்டேங்குது. மவன் இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. அந்தம்மாவக் கேட்டுப் பாரேன். அன்னைக்கிப் பேசுன பேச்சுக்கே குடுத்துடுறேன். பூ வெச்சுக் குடுத்தது எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருக்கு.”

இளவரசு உடனே ரசியாவுக்கு ஃபோன் போட்டான். ஞானசேகரன் சொன்னதை அப்படியே சொன்னான்.

“பணம் இப்ப கையில இல்ல தம்பி” என்றாள். “முழுசையும் குடுத்து இந்த வூட்ட போகியத்துக்கு எடுத்துட்டோம். வாடகை இல்லாம இருந்துக்கலாம்னு. மூணு வருஷம் முடிஞ்சாத்தான் திருப்பித் தருவாங்க. நடுவுல கேட்டா எங்கேந்து குடுப்பாங்க?”

“அன்வர் மச்சான்கிட்ட ஒரு வார்த்த...”

“அவுருகிட்ட சொல்லாத. கேட்டா மனசு வெறுத்துடுவாரு. நானும் சொல்ல மாட்டேன்.” பின்னால் தையல் மிஷின் சத்தம் நின்று திரும்பத் தொடங்கியது. “நல்ல ஆளாப் பாத்துக் குடுக்கச் சொல்லு. அந்த மோட்டாரு டேங்க் நெறஞ்சாலும் சத்தம் காட்டாது, வர்றவங்களுக்கு அதச் சொல்லிடு.”

அவன் ஞானசேகரனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

“சரிப்பா” என்று குரல் வந்தது. “அப்ப வர்ற ஞாயித்துக்கெழம உன் சேதில போட்டுடு.”

“என்ன ரேட்டுன்னு போடட்டும் சார்?”

“நீதான எல்லாருக்கும் சொல்றவன். நீயே ஒண்ணு சொல்லேன்.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். இளவரசு கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே நின்றான். அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் விலை சொல்லியிருக்கிறான். இந்த ஒரு வீட்டுக்குச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.