ஒரு சேவலும் ஒற்றை ஆள் பௌத்தமும்

போன செவ்வாய்க்கிழமை கண்டிப் பக்கம் குண்டசாலை பஸ்ஸில் ஒரு சேவல் ஏறியது. ஒரு பெண்மணியின் சாக்குப் பைக்குள்ளிருந்து கழுத்தை மட்டும் நீட்டி, இறங்குமிடம் வந்துவிட்டதா என்பதுபோல் எட்டி எட்டிப் பார்த்தது. கொண்டக்டர் பொடியன் சிங்களத்தில், "இவருக்கு டிக்கட்டா, இல்லை சீசன் பாஸ் இருக்கா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஈரச் சிறகு வாசமும் சாக்கு வாசமும் மூக்கில் ஏறியதும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு சேவலைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு ஓடியவன்தான். அதுவும் பெற்ற தாயிடமிருந்து.

கூப்பன் அரிசிக் காலம் அது. அப்பா இல்லை. அம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். நான் கண்டி டவுனில் ஒரு ஹாஜியாரின் துணிக்கடையில் வேலை. சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலையேறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பிராவுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டு வருவேன். அந்த வருஷம் எனக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். அம்மா முனியாண்டி கோயிலுக்கு ஓடி, "எம்புள்ள பொழச்சா ஒனக்குச் சேவல்" என்று நேர்ந்துகொண்டாள். அன்றைக்கே ஒரு குஞ்சை வாங்கி மஞ்சள் தண்ணீர் தெளித்து விட்டாள். நேர்ந்து விட்டதை விற்கக்கூடாது, தின்னக்கூடாது, அதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்கவும் கூடாது. அது சாமியின் சொத்து.

சேவலும் வளர்ந்தது, நானும் பிழைத்தேன். ஹாஜியார் நல்ல மனிதர், கொஞ்ச காலம் என்னைப் பாரம் தூக்க விடவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, துணி சுற்றப் பழைய தாள் கிழித்தால் போதும் என்றார். அந்தத் தாள் கட்டுக்குள்தான் அது கிடந்தது. புத்தர் சொன்னவை பற்றி ஒரு தமிழ்ப் புத்தகம். முன்பக்கங்கள் இல்லை. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. எந்தத் தோட்டம், எந்த லயம், என்ன ஆட்கள் என்று விசாரிக்காமல் என்னோடு பேசிய முதல் ஆள் அந்தப் புத்தகம்தான். விழுந்துவிட்டேன்.

ஹாஜியாருக்குச் சிரிப்பு. "இந்த ஊரு நெறைய புத்தர்ட ஆக்கள்தானே ஈக்கிறாங்க. நீங்க என்னத்துக்கு மகன் ஒத்தையில கஷ்டப்படுறீங்க?"

நியாயமான கேள்வி. ஒரு பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போனேன். ஒரு அம்மாள் பாயில் தள்ளி உட்கார்ந்து இடம்கூடத் தந்தாள். பிக்கு ஒரு மணித்தியாலம் பேசினார். என்னிடமிருந்தது துணிக்கடைச் சிங்களம். எத்தனை யார்டு துணி, கடைசி விலை என்ன, சாயம் போகாது. அதற்குள் நிர்வாணம் எங்கே அடங்கும்? இந்தத் தமிழ்ப் பொடியன் எதற்கு வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நானாகப் போய்க் கேட்க வெட்கம். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு கடைப் பின்கட்டில், கலண்டர் புத்தர் படத்துக்கு முன்னால், கொல்லமாட்டேன் என்பதில் தொடங்கும் ஐந்து சீலமும் எடுத்தேன். கொடுத்தவனும் நானே, எடுத்தவனும் நானே. இப்படித் தனியாகச் சேர்ந்தவனுக்கு விறைப்பு அதிகம். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தானே, "மெதுவாகப்பா" என்று தோளைத் தட்ட?

சேவல் கொடுக்கிற நாள் வந்தது. விடியவே மலையேறிப் போய் அம்மாவை மறித்தேன்.

"கொல்லக்கூடாதும்மா. பாவம்."

"என்னடா பேசுற? அது ஒன் உசுருக்கு நேந்தது."

"ஒரு உசுர எடுத்து இன்னொரு உசுர காப்பாத்த ஏலுமா?"

"அத முனியாண்டிகிட்ட கேளு. நான் வாக்குக் குடுத்தவ."

பக்கத்துக் காம்பிரா பார்வதி அக்கா வாசலில் நின்று கைதட்டினாள். "பாருங்கடி, பெத்தவளுக்கே வாத்தியாரா வந்துட்டாரு தொர! ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆகுமா தொர?"

அம்மா மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனாள். நான் சேவலைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். டவுனுக்குப் போகும் வழியில் ஒரு விகாரை முற்றத்தில் அதை விட்டேன். அது இரண்டு முறை சிறகடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மண்ணைக் கிளறத் தொடங்கியது. எனக்கோ பெரிய வெற்றி. அடுத்த முறை போனபோது அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சோறு திங்கிறியா?" என்றாள், அவ்வளவுதான். தர்மம் அவள் மனதில் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள்.

அதற்குப் பின் தோட்டத்து ஆட்கள் கடைக்கு அடிக்கடி வந்தார்கள். என் முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள், ஒன்றும் வாங்காமல் போய்விடுவார்கள். "ஒங்கட ஆக்கள் துணிய பாக்கல்ல, ஒங்களத்தான் பாக்குறாங்க மகன்! பொண்ணு கிண்ணு பேசுறாங்களோ?" என்று ஹாஜியார் கிண்டலடிப்பார். நானும் தலையைச் சீவிக்கொள்வேன்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டிஸ்பென்சரி ஐயா. அடக்கம் முடிந்த பிறகு பார்வதி அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இந்த முறை தொர என்று சொல்லவில்லை.

"ஒங்கம்மா வெள்ளிக்கெழம தவறாம கோயிலுக்குப் போவா தம்பி. என்னா கேப்பா தெரியுமா? 'சேவல தொலச்சது எம்புள்ள இல்ல, நாந்தான். கோவம்னா என்னய எடுத்துக்க, அவன விட்டுரு'ன்னுதான். டவுனுக்கு யாரு போனாலும், 'எம்மகன் நல்லாருக்கானான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்க'ன்னு காலப் புடிக்காத கொறதான்."

சளியால்தான் இறந்தாள், எனக்குத் தெரியும். முனியாண்டி மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் ஒரு உயிரையும் நோகடிக்க மாட்டேன் என்று சீலம் எடுத்தவன், எனக்கென்று இருந்த ஒரே உயிரை எட்டு மாதம் பயத்தில் வேக வைத்திருக்கிறேன்.

வெகு காலம் கழித்து, சிங்களம் ஒரு மாதிரி கைவந்த பிறகு, விகாரை வாசலில் பூ விற்கும் ஒரு அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவள் தாமரை மொட்டின் இதழை மடித்துக்கொண்டே, "ஐயோ மாத்தயா" என்று சிங்கள மரியாதையோடு சொன்னாள். "நாங்களும் புத்தரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பக்கம் சாமிகளுக்கான தேவாலயத்துக்குப் போய் நேர்த்தி வைக்கிறவர்கள்தானே? அம்மாவைக் கூட்டிவந்து ஒரு தேங்காய் உடைத்து, சாமியிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல வைத்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாளே."

ஒரு தேங்காய்! கண்டியில் எந்தப் பௌத்த வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். என் புத்தகத்தில் தேங்காய் இல்லை.

இப்போது அந்த லயம் இல்லை. முனியாண்டிக்குத் தளம் போட்டு டைல்ஸ் பதித்துவிட்டார்கள். பலி வேண்டாம் என்று கோயில் கமிட்டியே தீர்மானித்து, குங்குமம் தடவிப் பூசணிக்காய் வெட்டுகிறார்கள். போனைத் திறந்தால் தமிழிலேயே தர்ம உபதேசம் கேட்கலாம். சந்தேகம் கேட்கவும் ஆள் உண்டு. நான் இன்னும் பௌத்தன்தான், முன்னைப்போல விறைப்பு இல்லை. போன மாதம் ஒரு வாரம் படுத்துவிட்டேன். மகள் வெளிநாட்டிலிருந்து போனில் பேசினாள். மருந்து வீட்டுக்கே வந்தது. ஒரு குறையும் இல்லை. எனக்காக எந்தச் சாமியிடமும் யாரும் ஓடவில்லை.